திரையை இழுத்தது யார்?

சென்ற ஆண்டு செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா நியூ ஜெர்சியிலிருந்து கூப்பிட்டாள். மகளிடம் நான் பேச வேண்டுமாம்.

"நீ சொன்னா கேப்பா. காலேஜ்ல நாடகம் படிக்கப் போறாளாம். நடிக்கணும்னு ஆசைன்னாகூடப் புரிஞ்சுக்கலாம். இவ நடிக்க மாட்டாளாம். பின்னாடி இருந்துக்கிட்டு யார் எப்ப வரணும், எந்த லைட்டு எப்ப எரியணும்னு பாத்துக்குவாளாம். அதுக்கு நாலு வருஷப் படிப்பு. வீட்டுல நான் பாக்காத வேலையா அது?"

அக்கா அதைச் சலிப்பில்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் நான் அக்காவின் பக்கம்தான் நின்றேன். காரணம் மட்டும் வேறு. அக்காவுக்குப் பணத்தைப் பற்றிய கவலை. அங்கே சில தனியார் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டுகிறது. எனக்கு உறுத்தியது அந்தப் பெண் தேர்ந்துகொண்ட இடம். நான் பெண்கள் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். "கடைசி பெஞ்சில் ஒளியாதே, முன்னால் வந்து பேசு" என்று மாணவிகளிடம் சொல்லிச் சொல்லியே பாதித் தொண்டை போய்விட்டது. தமிழ் மேடையில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய காலம் ஒன்று இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் படித்த கனவான்கள் சேலை உடுத்தி நாயகிகளாக நடித்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் கம்பெனிகளில் மீசை முளைக்காத சிறுவர்கள் நடித்தார்கள். மேடையேறிய பெண்களை ஊர் என்ன சொல்லி ஏசியது என்பது நமக்குத் தெரியும். அவ்வளவையும் தாங்கிக்கொண்டு அவர்கள் வெளிச்சத்துக்கு வந்தார்கள். அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, வெளிச்சத்தைப் பிறருக்கு விட்டுவிட்டு இருட்டில் நிற்க ஒரு பெண் விரும்பி விண்ணப்பம் போடுவதா?

இந்த அறிவுரையோடுதான் வீடியோவில் அவளை அழைத்தேன். அவளுக்குப் பதினேழு வயது. பள்ளி இறுதியாண்டு. மூன்று ஆண்டுகளாகப் பள்ளி நாடகங்களுக்கு ஸ்டேஜ் மேனேஜராக இருந்தவள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் தடித்த கோப்பு ஒன்றைக் கேமராவுக்கு முன்னால் விரித்துவிட்டாள்.

அதற்குப் பிராம்ப்ட் புக் என்று பெயர். ஒரு பக்கத்தில் நாடகப் பிரதி. எதிர்ப்பக்கத்தில் மேடையின் சிறிய வரைபடம். எந்த வசனத்தின்போது எந்த நடிகர் எங்கிருந்து எங்கே நகர்கிறார் என்பதற்குப் பென்சில் குறிகள். வசனங்களின் ஓரத்தில் வண்ண வண்ணமாக ஒட்டுத்தாள்கள். ஒளி மாறுவதற்கு ஒரு நிறம், ஒலிக்கு ஒரு நிறம், அரங்கப்பொருள் நகர்வதற்கு ஒரு நிறம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நாடகம் நடக்கும்போது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இந்தக் கோப்பின் முன்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு, எண்ணைச் சொல்லித் "தயார்" என்பாள். விளக்குப் பலகையில் இருப்பவர் "தயார்" என்று திருப்பிச் சொல்வார். பிறகு சரியான அசையில் அவள் "கோ" என்பாள். அவள் சொன்னால்தான் விடியும், மழை பெய்யும், கதவு தட்டப்படும். நாடகம் நடக்கும்போது அந்த ஒற்றைச் சொல்லை வேறு எதற்காகவும் ஹெட்செட்டில் யாரும் உச்சரிப்பதில்லையாம்.

விண்ணப்ப முறையையும் அவளே விளக்கினாள். நடிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் ஆடிஷனில் நடித்துக் காட்ட வேண்டும். ஸ்டேஜ் மேனேஜ்மென்ட்டுக்குப் போர்ட்ஃபோலியோவும் நேர்காணலும். கார்னகி மெலன், பாஸ்டன் பல்கலைக்கழகம், சிகாகோவில் டிபால், எமர்சன் போன்ற இடங்களில் இதற்கு இளங்கலை அளவிலேயே தனிப் பயிற்சி இருக்கிறது. 1914இலேயே நாடகத்துக்கென்று ஒரு துறையைத் தொடங்கிவிட்ட இடம் கார்னகி. போர்ட்ஃபோலியோவில் பிராம்ப்ட் புக்கின் சில பக்கங்கள், ஒத்திகை அறிக்கைகள், கால அட்டவணைகள், மேடைப்பொருள் பட்டியல்கள் எல்லாம் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் என் அறிவுரை முதலில் தடுமாறியது. சரியாகச் செய்தால் தடமே தெரியாத வேலை இது. விளக்கு வேளைக்கு எரிந்தால் யாரும் விளக்கைப் பார்ப்பதில்லை. அந்த வேலைக்குத் தடயங்களைச் சேர்த்து, தேதி போட்டு, அடுக்கி, "இதைச் செய்தவள் நான்" என்று காட்டச் சொல்கிறது ஒரு விண்ணப்பம். எங்கள் அம்மாவிடம் யாராவது போர்ட்ஃபோலியோ கேட்டிருந்தால் என்ன காட்டியிருப்பாள்? பால் கணக்கு எழுதிய காலண்டர் தாள்கள், மளிகைச் சீட்டுகள், எங்கள் நால்வருக்கும் காய்ச்சல் வந்த வாரத்தில் யாருக்கு எந்த மருந்து எந்த நேரம் என்று தீப்பெட்டி அட்டையில் குறித்து வைத்தது. எல்லாம் பழைய பேப்பர்காரரோடு போய்விட்டன. யாரும் கேட்கவில்லை.

அவள் எழுதிய கட்டுரையையும் வாசிக்கக் கொடுத்தாள். அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பங்களில் தன்னைப் பற்றி 650 சொற்களுக்குள் ஒரு கட்டுரை எழுத வேண்டும். நன்றாகவே எழுதியிருந்தாள். இரண்டாவது பத்தியில் ஒரு வரி என்னை நிறுத்தியது. குழுவில் எல்லோரும் தன்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள் என்று பெருமையாக எழுதியிருந்தாள். ஊக்கு, தலைவலி மாத்திரை, உபரி ஷூ லேஸ், அழுபவர்களுக்கு டிஷ்யூ எல்லாம் தன் பையில் எப்போதும் இருக்கும் என்றும் எழுதியிருந்தாள்.

"இந்த வரியை எடுத்துடு கண்ணா" என்றேன்.

"ஏன் சித்தி? அன்பாத்தான கூப்பிடுறாங்க."

"அன்பாத்தான் கூப்பிடுவாங்க. இதே வேலையை ஒரு பையன் பார்த்தா அப்பான்னா கூப்பிடுவாங்க?"

கொஞ்சம் யோசித்தாள். "இல்ல. போன வருஷம் ஒருத்தன் இருந்தான். அவனை பாஸ்னு கூப்பிட்டாங்க."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு அவள் தமிழும் ஆங்கிலமும் கலந்து சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். "சித்தி, நான் பயந்து ஒளிஞ்சுக்கிறேன்னு நினைக்கிறீங்க. முழு நாடகத்தையும் பாக்குற ஒரே ஆள் நான்தான். ஆக்டருக்கு அவங்க சீன் மட்டும்தான் தெரியும். டைரக்டர் வேலை முதல் ஷோவோட முடிஞ்சிடும். அப்புறம் நாடகம் என்கிட்டதான் இருக்கு."

பின்னால் நிற்பவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள், எல்லாவற்றையும் பார்க்கிறவள் என்று தன்னை அறிந்திருந்தாள். மேடையில் இருப்பவளை நான் பார்வையாளரின் நாற்காலியில் உட்கார்ந்து அளந்தேன். யார் கண்ணில் படுகிறாளோ அவளே இருக்கிறாள் என்பது அந்த நாற்காலியின் அளவுகோல். பெண் கண்ணில் படுவதற்காகவே இருப்பவள் என்று சொல்லிவந்தவர்களுக்கும் பிடித்தமான அளவுகோல் அது என்பதை நான் அன்றுவரை யோசித்ததில்லை.

ஆண்டுதோறும் வகுப்பில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நடத்துகிறேன். பன்னிரண்டு வயது மாதவி சோழன் அவையில் ஆடுகிறாள். அவளுக்கு முன்னால் இளங்கோ ஆடலாசிரியனை, இசையாசிரியனை, கவிஞனை, தண்ணுமைக்காரனை, குழலோனை, யாழாசிரியனை ஒவ்வொருவராக நிறுத்தி அவரவர் புலமையைச் சொல்கிறார். அரங்கின் அளவைக் கோல் கணக்கில் சொல்கிறார்: அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்குகள் வைக்கப்பட்டதைச் சொல்கிறார். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரைகளைச் சொல்கிறார். மாதவி 1008 கழஞ்சுப் பொன்னைப் பரிசாகப் பெறுகிறாள். தேர்வில் இந்தத் திரைகளின் பெயர்களைக் கேட்டால் மாணவிகள் தவறாமல் எழுதிவிடுவார்கள். இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்திவிட்டு, அக்கா மகளோடு பேசிய அந்த இரவில்தான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. அந்தத் திரையை இழுத்தது யார்? நிழல் விழாத இடம் எதுவென்று நடந்து நடந்து பார்த்து விளக்கை அங்கே வைத்தது யார்? விளக்கு வைக்கப்பட்டது, திரை தொங்கவிடப்பட்டது என்பது மட்டும் இருக்கிறது. வைத்த கை இல்லை.

நம் வீட்டு வாக்கியங்களும் இப்படித்தான். சாப்பாடு ஆயிற்று, துணி காய்ந்துவிட்டது, வீடு பெருக்கியாயிற்று. செய்தவர் இல்லாமலே எல்லாம் நடந்துவிடுகின்றன.  பெண்களின் வேலைக்கு இந்த வாக்கிய அமைப்பு நன்றாகவே பொருந்துகிறது.

ஹன்னா ஆரென்ட் 1958இல் வெளிவந்த 'மனித நிலை' என்ற நூலில் மனிதச் செயல்களை மூன்றாகப் பிரிக்கிறார். உடல் உயிரோடு இருக்க அன்றாடம் செய்தாக வேண்டிய உழைப்பு ஒன்று. அது செய்த சூட்டிலேயே கரைந்துவிடும். நிலைத்து நிற்கும் பொருள்களை உண்டாக்கும் வேலை இரண்டாவது. பலர் முன்னிலையில் பேசியும் செய்தும் தன்னை இன்னாரென்று வெளிப்படுத்திக்கொள்வது மூன்றாவது. இந்த மூன்றாவதில்தான் ஒருவர் மற்றவர்களுக்கு முழுதாகத் தெரியவருகிறார் என்கிறார். கிரேக்கர்களின் வீட்டுக்குள்ளே இருந்த பெண்ணும் அடிமையும் அந்த வெளிச்சத்துக்கு வராதவர்கள். பெண்ணியவாதிகள் இந்த இடத்தில் ஆரென்டோடு நெடுங்காலம் வாதாடியிருக்கிறார்கள். ஆண்கள் சதுக்கத்தில் நின்று பேச முடிந்ததே வீட்டில் ஒருத்தி சமைத்ததால்தானே?

அந்த வாதத்தில் நான் எப்போதும் பெண்ணியவாதிகளின் பக்கம். ஆனாலும் மறைவான வேலையைப் புகழத் தொடங்கும்போது கால் வழுக்கிவிடும். புகழ்ச்சி நமக்குப் புதிதா? குடும்ப விளக்கு என்றார்கள், ஆணிவேர் என்றார்கள், பூமாதேவி என்றார்கள். புகழ்ந்து புகழ்ந்தே அடுப்படியிலிருந்து நகரவிடாமல் வைத்திருந்தார்கள். அப்படியானால் அக்கா மகளின் வேலையும் அக்காவின் வேலையும் ஒன்றுதானா? ஒன்றுக்குப் பட்டம் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசமா?

அவள் சொன்ன சின்னச் சின்ன விவரங்களிலிருந்துதான் எனக்கு விடை கிடைத்தது.

நாடகம் தொடங்குமுன் ஸ்டேஜ் மேனேஜர் ஒப்பனை அறையின் வாசலில் நின்று "ஐந்து நிமிடம்" என்பார். உள்ளே இருக்கும் அத்தனை பேரும் "நன்றி, ஐந்து" என்று பதில் சொல்ல வேண்டும். காதில் விழுந்தது என்பதற்கான அடையாளம் அது. "சாப்பாடு ரெடி" என்று அம்மா ஆயிரம் முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாங்கள் ஒருமுறைகூடத் திருப்பி எதுவும் சொன்னதில்லை. மூன்றாவது முறை அவள் குரல் உயர்ந்தால், அம்மா கத்துகிறாள் என்போம்.

இரண்டாவது விவரம் கூலியும் ஓய்வும். அமெரிக்க நாடக நடிகர்களின் தொழிற்சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி 1913இல் உருவானது. நடிகர்களோடு ஸ்டேஜ் மேனேஜர்களும் அதன் உறுப்பினர்கள். பிராட்வே ஒப்பந்தத்தில் ஸ்டேஜ் மேனேஜருக்கான குறைந்தபட்ச ஊதியம் நடிகருக்கான குறைந்தபட்ச ஊதியத்தைவிட அதிகம். 55 நிமிட ஒத்திகைக்கு 5 நிமிட ஓய்வு, அல்லது 80 நிமிடத்துக்கு 10 நிமிடம் என்பது சங்கத்தின் விதி. கடிகாரத்தைப் பார்த்து அதை அறிவிப்பவர் ஸ்டேஜ் மேனேஜர். எவ்வளவு பெரிய இயக்குநராக இருந்தாலும் அந்த நேரத்தில் ஒத்திகையை நிறுத்தியாக வேண்டும்.

மூன்றாவது, நிறுத்தும் அதிகாரம். மேடையில் ஏதோ சாயப் போகிறது, யாருக்கோ அடிபடப் போகிறது என்று பட்டால் "ஹோல்டு" என்று குரல் கொடுக்கலாம். அத்தனை பேரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஏன் என்று பிறகுதான் கேட்கலாம். என் அக்கா தன் இருபது ஆண்டு இல்லறத்தில் ஒருநாளாவது "ஹோல்டு" என்று சொல்லி, வீடு முழுவதும் அப்படியே நின்றிருக்குமா?

மறைவில் இருப்பது ஒருத்தியைச் சிறுமைப்படுத்துவதில்லை. சொன்னதற்கு மறுமொழி இல்லாததும், செய்ததற்குக் கூலி இல்லாததும், நிறுத்தச் சொல்ல உரிமை இல்லாததும்தான் சிறுமைப்படுத்துகின்றன. இந்த மூன்றும் இல்லாமல் மேடை நடுவில் வெளிச்சத்தில் நிற்பவளும் அடுப்படியில்தான் நிற்கிறாள். நம் சினிமாக்களிலும் சபைகளிலும் அப்படி நிற்கும் பெண்களை நமக்குத் தெரியும்.

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டதையும் சொல்லியாக வேண்டும். பதினோரு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரித் தமிழ் மன்ற விழாவுக்கு மாதவியைப் பற்றி ஒரு நாடகம் எழுதி இயக்கினேன். வணிகவியல் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி வந்து, "எனக்கு மேடையில குரல் நடுங்கும் மேடம், வேற வேலை ஏதாவது இருந்தா குடுங்க" என்றாள். எல்லா வேலையையும் அவளிடம் கொடுத்தேன். யாருக்கு எந்தச் சேலை, சலங்கை எத்தனை ஜோடி, எந்த வசனத்தில் பச்சை விளக்கு என்று நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நாடகத்தின் நடுவில் மின்சாரம் போனது. சொல்லாமலே அவள் தயாராக வைத்திருந்த எமர்ஜென்சி விளக்குகள் இரண்டு பக்கமும் எரிந்தன. மாதவி ஆட்டத்தை நிறுத்தவில்லை. நிழல்கூட மேடையில் விழவில்லை.

முடிவில் நன்றி சொன்னேன். முதல்வருக்கு, சிறப்பு விருந்தினருக்கு, நடித்தவர்களுக்கு, ஒப்பனைக்காரருக்கு, மைக் செட்காரருக்கு. அவள் பெயர் மட்டும் என் வாயில் வரவில்லை. அழைப்பிதழிலும் இல்லை. எல்லோரும் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படத்திலும் இல்லை. அந்த நேரத்தில் அவள் பின்னால் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் நினைவு வந்து வருத்தம் சொன்னபோது, "பரவால்ல மேடம், எனக்கு அதெல்லாம் வேணாம்" என்றாள். என் மனம் லேசாகிவிட்டது. அவ்வளவு எளிதாக லேசானதுதான் தவறு என்று இப்போது தெரிகிறது. வேண்டுமா என்று யாரும் ஒருநாளும் கேட்காத ஒருத்தி "வேணாம்" என்று சொன்னால் அதைத் தன்னடக்கம் என்று எப்படிக் கணக்கில் எழுதுவது? அக்கா மகள் மறைவைத் தேர்ந்துகொண்டாள். இவளுக்கு நான் மறைவைக் கொடுத்துவிட்டு, அவள் விரும்பி எடுத்துக்கொண்டதாக நம்பினேன்.

அக்கா மகளின் தொழிலையும் நான் பொன்னாக்கிக் காட்டவில்லை. அமெரிக்க நாடகத்தின் பெரிய பரிசான டோனியில் ஸ்டேஜ் மேனேஜருக்கென்று ஒரு பிரிவு இல்லை. இந்த வேலையில் பெண்கள் அதிகம். பெண்கள் அதிகமாகச் சேர்ந்த இடத்தில் திறமையை இயல்பு என்று சொல்லிக் கழித்துவிடும் வழக்கம் கடல் தாண்டினாலும் மாறுவதில்லை; "அம்மா" என்ற அந்தச் செல்லப்பெயரே சாட்சி. நாடகம் முடிந்த பிறகு அந்த அரங்கைக் கூட்டுகிறவர் யார், அவருக்கு யார் "நன்றி" சொல்கிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. மியர்லி லேடர்மன் யூக்லிஸ் என்ற நியூயார்க் கலைஞர் குழந்தை பெற்ற பிறகு, 1969இல், பராமரிப்பு வேலையே தன் கலை என்று ஓர் அறிக்கை எழுதினார். பின்னர் அந்த நகரத்தின் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களை ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். நம் ஊரில் அந்தக் கைகுலுக்கலுக்கு முன்னால் சாதி வந்து நிற்கும். மறைவான வேலையைத் தேர்ந்துகொள்ள முடிவது ஒரு வசதி என்பதை அக்கா மகளிடமும் சொன்னேன். அதைக் கட்டுரையில் சேர்க்கலாமா என்று கேட்டாள். சேர்த்தாள். "அம்மா" வரியை எடுத்துவிட்டு, ஒத்திகை ஒன்றில் ஏணி ஆடியதைப் பார்த்துத் தான் "ஹோல்டு" சொன்னதை அங்கே எழுதினாள்.

டிசம்பரில் அந்தப் பழைய மாணவியின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறாள். இரண்டு குழந்தைகள். விஷயத்தைச் சொன்னேன். "அய்யோ மேடம், எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்ல" என்று சிரித்தாள். பேச்சு வேறெங்கோ போனது. வைக்கப் போகும் நேரத்தில், "மேடம், அந்தப் பச்சை லைட்டு, கோவலன் திரும்பிப் பாக்குறப்ப வரும்ல, அன்னிக்கு அது அரை வசனம் லேட்டு. உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றேன்.

"நல்லவேளை" என்றாள்.

இந்த ஆண்டு விழா அழைப்பிதழில் நடிப்பவர்கள் பெயருக்கு மேலே 'அரங்க மேலாளர்' என்று போட்டு ஒரு மாணவியின் பெயரைச் சேர்த்தேன். அச்சகத்தில் இடம் பத்தாது, ஒரு வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். என் பெயர் இருந்த வரியின் எழுத்தைச் சின்னதாக்கச் சொன்னேன். ஒத்திகையில் அந்தப் பெண் வந்து "ஐந்து நிமிடம்" என்று சொல்லும்போது என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கூச்சப்படுகிறார்கள். சொல்லிப் பழக நாளாகும் போலிருக்கிறது.